காஞ்சி நகரத் தண்டியார்

துப்பறியும் நவீனங்களைப் படித்து இன்புறாத மாணவர் நம்முள் மிகச் சிலரே ஆவர். விடுதியில் விளக்கணைக்கும் மணி அடித்த பின்னும் அத்தகைய நூலொன்றை மூடி வைக்க மனமின்றி வருந்தியோர் பலர் இருப்பர். இவ்வகைக் கதைகள் மேனாட்டினின்று கப்பலேறி வந்தவை என்பது பொதுவாக நிலவும் எண்ணம். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிக் குவித்த நவீனங்களுள் ஆங்கிலக் கதைகளைத் தழுவியவை பல ஆதலின், அவ்வெண்ணம் முழுதும் தவறென்று சொல்வதற்கில்லை. ஆயினும், நள்ளிரவில் அணிகலன் கவரப் புறப்படும் கைதேர்ந்த கள்வனையும், விளக்கும் வாளுமாக எதிர்ப்படும் நகரக் காவலரையும் ஏறக்குறைய 1,300 ஆண்டுகட்கு முன்னரே வடமொழி உரைநடையில் அழகுற வரைந்த புலவர் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவர் பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர் பெற்ற காஞ்சிமாநகரத்தவர். தண்டி என்பது அவர் பெயர். அவர்தம் வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தண்டியார் என்றவுடன் நம் மாணவர்க்கு நினைவுக்கு வருவது தமிழிலுள்ள தண்டியலங்காரம். பொதுவணியியல், பொருளணியியல், சொல்லணியியல் என்னும் மூன்று இயல்களையும் தேர்வுக்காக உருப்போட்டு, உவமையின் வகைகளை விரல்விட்டு எண்ணி, அதனோடு அவரை மறந்துவிடுவது நம்மிற் பலர்க்கு வழக்கம். அந்நூல் சோழர் காலமாகிய 12ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதற்கு முதனூல் காவியாதரிசம் என்னும் வடமொழி அணியிலக்கணம். அதனை இயற்றியவரே நாம் ஈண்டுக் கூறவந்த தண்டியார். அணிகளை வகுத்துப் பெயரிட்ட அவரே, கன்னமிடும் கள்வனின் கதையையும் எழுதினார் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

அவர் காஞ்சியினர் என்பதை அறிஞர் கண்டறிந்த முறையே ஒரு துப்பறியும் கதையை ஒத்தது. காவியாதரிசத்தின் மூன்றாம் பகுதியில் புதிர்ச் செய்யுட்களின் வகைகளை ஆசிரியர் விளக்குகின்றார். அவற்றுள் ஒன்று ஒரு நகரைப் பற்றியது. அந்நகரின் பெயரில் மூக்கொலி ஒன்று நடுவில் நிற்கும். அதனைச் சூழ நான்கு ஒலிகள் அமையும். அந்நகரை ஆளும் வேந்தர் குடிப்பெயர் எட்டு ஒலிகளால் ஆனது. விடை காஞ்சி என்பதும், வேந்தர் பல்லவர் என்பதும் பழைய உரைகாரர் கண்ட பொருள். விளக்கம் ஏதும் கூறாது ஒரு நகரை உதாரணமாக்கும் ஆசிரியர், அந்நகரோடு நெருங்கிய தொடர்புடையவராதல் வேண்டும் என்று ஊகிக்க இஃது இடமளித்தது. எனினும் ஊகம் சான்றாகாது அன்றோ? சான்று 1924ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவந்திசுந்தரி என்னும் உரைநடைக் காவியத்தின் சிதைந்த ஏட்டுப் பிரதியினை மா. இராமகிருஷ்ண கவி என்னும் அறிஞர் அவ்வாண்டில் பதிப்பித்தார். அதன் தொடக்கத்தில் தண்டியார் தம் குல வரலாற்றையும் தம் வாழ்க்கையையும் தாமே உரைத்திருந்தார். முன்னர்க் கண்ட புதிரும் பின்னர்க் கிடைத்த ஏடும் ஒன்றையொன்று தழுவி நின்றன.

அவ்வேட்டின்படி, தண்டியாரின் முன்னோர் மேலைத் திசையிலுள்ள ஆனந்தபுரத்தினின்று புறப்பட்டு, விதர்ப்ப நாட்டு அசலபுரத்திற் குடியேறியவர். அக்குடியிற் பிறந்த தாமோதரர் பெரும் புலவர். கிராதார்ச்சுனீயம் பாடிய பாரவியின் தொடர்பு பெற்றவர். பல்லவ வேந்தன் சிம்மவிஷ்ணுவின் அவைக்கு வந்த ஒருவன், திருமாலின் நரசிங்க வடிவைப் போற்றும் செய்யுளொன்றைப் பாடினான். அதன் சுவையில் ஈடுபட்ட மன்னன், இயற்றியவர் யாரென வினவித் தாமோதரரைக் காஞ்சிக்கு வரவழைத்தான். அவர் மகன் மனோரதர். மனோரதரின் மகன் வீரதத்தர். வீரதத்தருக்கும் கௌரி என்னும் அம்மையாருக்கும் பிறந்தவர் தண்டியார். நல்ல செய்யுள் ஒன்றே அக்குடும்பத்திற்குக் காஞ்சியில் வீடும் வாழ்வும் தந்தது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் நன்று.

அக்காலத்துக் காஞ்சி கல்விக்குப் பெயர் பெற்ற நகரம். சீன யாத்திரிகர் யுவான் சுவாங் 640ஆம் ஆண்டையொட்டி அங்கு வந்து, அந்நகர மக்கள் கல்வியை மதிப்பவர் என எழுதிச் சென்றார். சைவரும் வைணவரும் பௌத்தரும் சமணரும் அங்கு ஒருங்கு வாழ்ந்தனர். அவர்களுட் சிலரை நகையாடி மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்னும் சிறு நாடகமும் ஒரு களவைப் பற்றியதே. கபாலி ஒருவன் தன் கபாலப் பாத்திரத்தைக் காணாது தேடுகின்றான். பௌத்தத் துறவியைக் கள்வனென்று பற்றிக்கொள்ளுகின்றான். வழக்கு முற்றுகின்றது. முடிவில், அதனைக் கவ்விச் சென்றது நாயென்பதும், நாயிடமிருந்து பெற்றவன் ஒரு பித்தனென்பதும் வெளியாகின்றன. ஆகவே, களவையும் ஐயத்தையும் வைத்துக் கதை புனைதல் காஞ்சிக்குத் தண்டியாரால் வந்த புதுமையன்று.

ஆனால் தண்டியார் களவையும் இழப்பையும் மேடையில் மட்டும் கண்டவரல்லர். மிக்க இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். அத்துயர் ஆறுமுன்னர் பகைவர் படை நாட்டினுட் புகுந்தது. வயல்கள் பாழாயின; பஞ்சம் பரவியது; குடும்பங்கள் சிதறின. சளுக்கிய மன்னன் முதலாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றிய நிகழ்ச்சியே இதுவென்பர் ஆராய்ச்சியாளர். அம்மன்னன் 674ஆம் ஆண்டில் காவிரியின் தென்கரையிலுள்ள உறையூர்ப் பாசறையிலிருந்து அளித்த கத்வால் செப்பேடு அவ்வெற்றியைப் பேசுகின்றது. வெற்றி பெற்றோர் செப்பேடு பொறித்தனர். வீடிழந்த சிறுவனோ ஊர் ஊராகத் திரிந்தான். ஆசிரியர் இல்லங்களில் தங்கிக் கற்றான். பிற நாடுகளைக் கண்டான். செல்வர் வறியராதலையும், வறியர் வஞ்சகராதலையும், காவலர் கண்ணிருந்தும் காணாராதலையும் அவ்வழிநடையிற் பார்த்திருத்தல் வேண்டும். அவர் நூல்களிற் காணப்படும் சூதர், வணிகர், கணிகையர், போலித் துறவிகள், சிறைக்காவலர் ஆகியோர் ஏட்டறிவால் மட்டும் வந்தவராகத் தோன்றவில்லை.

அமைதி திரும்பியபின் தண்டியார் காஞ்சிக்கு மீண்டார். கைலாசநாதர் கோயிலை எழுப்பிய இராசசிம்ம பல்லவன் காலத்தில் அவர் புகழுடன் வாழ்ந்தாரென்பர். ஒருநாள் இலலிதாலயன் என்னும் சிற்பி, மாமல்லபுரத்துக் கடற்கரையிற் பள்ளிகொண்ட திருமாலின் முறிந்த கையைத் தான் சீர்ப்படுத்திய திறத்தைக் காண வருமாறு அவரை அழைத்தான். நண்பருடன் சென்ற தண்டியார் அவ்வேலையைக் கண்டு வியந்தார். அங்கு அலைகள் கொணர்ந்த தாமரையொன்று அவர் கண்முன் விஞ்ஞையனாக உருமாறியதென்றும், அதன் மருமத்தை அறிய விழைந்ததிலிருந்தே அவந்திசுந்தரி பிறந்ததென்றும் அந்நூல் கூறுகின்றது. முறிந்ததை ஒட்டுவித்த சிற்பியின் கைத்திறத்தினின்று கதையைத் தொடங்குதல், சிதைந்த நகருக்கு மீண்ட ஒருவர்க்கு எத்துணைப் பொருத்தம்!

இனி, நாம் தொடக்கத்திற் குறித்த கள்வன் கதைக்கு வருவோம். தசகுமார சரிதம் என்னும் உரைநடை நூல் இராசவாகனன் என்னும் இளவரசனும் அவன் தோழர் ஒன்பதின்மரும் பிரிந்து திரிந்து மீண்டுங் கூடித் தத்தம் அனுபவங்களைக் கூறுவதாக அமைந்தது. இன்று நாம் காணும் வடிவில் முன்னும் பின்னுமுள்ள பகுதிகள் பிறர் சேர்த்தவை என்றும், நடுவிலுள்ள எட்டு உச்சுவாசங்களே தண்டியார் வாக்கென்றும் அறிஞர் கொள்வர். அவற்றுள் இரண்டாவது, அபஹாரவர்மன் கதை. கவர்தற்றொழிலே அவன் பெயரில் அமைந்துள்ளது.

அவன் சம்பா நகரை அடையும்பொழுது, காமமஞ்சரி என்னும் கணிகையாற் செல்வமெல்லாம் இழந்து கோவணத்துடன் துறவியான வணிக மகன் ஒருவன் வழியில் அழுதுகொண்டிருக்கின்றான். அவன் பொருளை மீட்டுத் தருவதாக அபஹாரவர்மன் வாக்களிக்கின்றான். நகரிலோ ஈயாத செல்வர் பலர். செல்வம் நில்லாதது என்னும் உண்மையை அவர்கட்குக் கற்பிக்கக் களவு நூல் வகுத்த கர்ணீசுதரின் நெறியைக் கைக்கொள்ளுகின்றான். முதலிற் சூதாடு களம் புகுந்து 16,000 பொற்காசு வென்று, பாதியை அங்கிருந்தோர்க்கே வழங்கி நட்பினைத் தேடுகின்றான். எந்த வீட்டில் எவ்வளவு பொருளென்பதை அந்நட்பின் வாயிலாக அறிகின்றான்.

பின்னர் ஓர் இருள் செறிந்த இரவில் கருநீல ஆடை உடுத்து, வாளை இடையிற் செருகிப் புறப்படுகின்றான். அவன் கொண்ட கருவிகளைத் தண்டியார் ஒவ்வொன்றாக எண்ணுகின்றார். பாம்பின் தலைபோன்ற கன்னக்கோல், சிறு குழல், குறடு, துளையில் முதலில் நீட்டிப் பார்க்கப் பொய்த்தலை, மயக்குப்பொடி, அளவு நூல், கயிறு, விளக்கு, இவற்றோடு வண்டுகள் அடைத்த ஒரு சிமிழ். வீட்டில் எரியும் விளக்கை ஊதி அணைத்தால் ஒருவன் வந்தான் என்பது புலப்படும். வண்டு மோதி அணைந்தால் யார் ஐயுறுவர்? இச்சிறு சிமிழொன்றே அக்கள்வனின் கூர்மையைக் காட்டப் போதுமானது.

ஒரு வீட்டிற் கன்னமிட்டுப் பொருள் கவர்ந்து தெருவில் வரும்பொழுது, அணிகலன்கள் மின்ன ஓர் இளம்பெண் தனியே நடுங்கி நிற்கக் காண்கின்றான். அவள் குலபாலிகை. தந்தை குபேரதத்தன் அவளைத் தனமித்திரனுக்கு என்று உறுதி கூறியவன். தனமித்திரன் ஈகையால் வறியனானதும், சொற்பிறழ்ந்து அர்த்தபதி என்னும் செல்வனுக்கு மணம் பேசிவிட்டான். மறுநாள் திருமணம். அவளோ அணிகளை முடிந்துகொண்டு காதலன் இல்லம் நோக்கிச் செல்கின்றாள். விலைமதிக்கவரிய நகைகள் கள்வன் எதிரே வலிய வந்து நிற்கின்றன! அவன் அவற்றைத் தொடவில்லை. துணையாக உடன் நடக்கின்றான். அப்பொழுது நகரக் காவலர் எதிர்ப்படுகின்றனர்.

இந்த இடத்தில்தான் தண்டியாரின் திறம் முழுதும் வெளிப்படுகின்றது. அபஹாரவர்மன் ஓடவில்லை, வாளை உருவவில்லை, பாம்பு தீண்டியவன்போல் நிலத்திற் கிடக்கின்றான். இறந்தவன் தன் கணவனென்று அப்பெண் அழுகின்றாள். காவலருள் நஞ்சு மருத்துவம் அறிந்தவனாகத் தன்னைக் கருதிய ஒருவன் உடலைத் தடவிப் பார்த்து, இவன் பிழையான் என்று முடிவு கூறி, விடிந்தபின் எரியூட்டலாம் எனத் தேற்றிச் செல்லுகின்றான். காவலரை ஏமாற்றியது கள்வனின் நடிப்பு மட்டுமன்று. தான் கற்றவன் என்னும் அக்காவலனின் செருக்கே மிகுதியும் ஏமாற்றியது. காவலர் அகன்றபின், அணிகளோடு அப்பெண்ணையும் தனமித்திரனிடம் ஒப்படைத்து, மூவருமாக அவ்விரவிலேயே குபேரதத்தன் வீட்டில் மண்கலமொழிய ஒன்றும் எஞ்சாதவாறு வாரிச் செல்கின்றனர்.

மேலே நிகழ்வது இன்னும் நுட்பமானது. பொன் சொரியும் தோற்பை ஒன்று உண்டென்று பொய்யைப் பரப்புகின்றனர். முறையின்றிச் சேர்த்த பொருளை உரியவர்க்குத் திருப்பித் தந்தாலன்றி அப்பை பலிக்காது என்பது அதற்கு விதித்த நிபந்தனை. காமமஞ்சரி அப்பையின் மேல் ஆசை கொண்டு, பறித்தவற்றையெல்லாம் மீளக் கொடுத்துத் தானே வறியளாகின்றாள். பை களவு போயிற்றென்று தனமித்திரன் முறையிட, அரசன் விசாரணை நடத்த, பழி முழுதும் அர்த்தபதியின் தலையில் விழுகின்றது. அவன் செல்வமிழந்து நாடு கடத்தப்படுகின்றான். அரசன் விசாரணை தவறான ஒருவனைத் தண்டித்தது. உண்மைக் கள்வன் அகப்பட்டது காவலர் திறத்தாலன்று. ஒருநாள் மதுவுண்ட மயக்கத்தில் அவனே காவலரோடு வலிந்து சண்டையிட்டுச் சிறைப்பட்டான். அவன் அகந்தையே அவனைக் காட்டிக்கொடுத்தது.

களவைக் கண்டறியும் முறைகள் அக்காலத்தார் அறியாதனவல்ல. கௌடிலியரின் அர்த்தசாத்திரம், சுவரிற் கன்னமிட்டிருக்கும் வகையை நோக்கிக் களவு அகத்தார் செயலா புறத்தார் செயலா எனத் துணிவதற்கும், களவுப் பொருள் யார் யார் கைமாறி வந்ததெனப் பின்தொடர்வதற்கும் வழிகள் வகுத்துள்ளது. அந்நூலைத் தண்டியார் கற்றவர். தம் கதையின் இறுதிப் பகுதியில் அதனைக் குறிப்பிடுகின்றார். இருந்தும் அவர் காட்டும் காவலர் கண்டதை நம்பி, காணாததை ஆராயாது செல்கின்றனர். ஆராயாத விசாரணையின் கேடு தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லன், கள்வர் கையாளும் எண்வகைத் துணைகளைக் காவலர்க்கு விரித்துரைத்து, கோவலனைக் கள்வனென்று நம்பச் செய்கின்றான். அங்கு அவ்விசாரணை ஓருயிரையும் ஒரு நகரையும் கொண்டது. தண்டியார் அதே பிழையை நகைச்சுவையாக்கிக் காட்டினார். நகைத்தபின் நாம் சிந்தித்தல் வேண்டும் என்பதே அவர் கருத்துப்போலும்.

இந்நூல் களவையும் வஞ்சத்தையும் போற்றுகின்றதென்று குறை கூறுவார் உளர். அக்குறையை நாம் முற்றும் ஒதுக்கிவிட முடியாது. அபஹாரவர்மனின் கூர்மதியை வியக்கும் மாணவர், அவன் செயலால் வீடிழந்தோரையும் எண்ணுதல் வேண்டும். ஆனால் நூல் முழுமையும் படிப்போர் மற்றொரு கதையையும் காண்பர். அது காஞ்சியிலேயே தொடங்குகின்றது.

காஞ்சியிற் பெருஞ்செல்வன் மகன் சத்திகுமாரன், ஒரு படி நெல்லை முன்றானையில் முடிந்துகொண்டு, நிமித்தம் கூறுவான்போல் வேடம் பூண்டு மணப்பெண் தேடிப் புறப்படுகின்றான். இந்நெல்லைக் கொண்டே எனக்கு நிறைந்த விருந்திட இயலுமா என்று கேட்கும்தோறும் மக்கள் நகைத்து விரட்டுகின்றனர். காவிரியின் தென்கரையூர் ஒன்றில், பெற்றோரையும் செல்வத்தையும் இழந்து, சில அணிகளே எஞ்சிய கோமினி என்னும் பெண் அந்நெல்லை ஏற்கின்றாள். அரிசி முறியாமல் மெல்லக் குற்றி, நகைகளை விளக்க உதவுமென்று உமியைப் பொற்கொல்லர்க்கு விற்பிக்கின்றாள். அக்காசால் விறகும் சிறுபானையும் வாங்குகின்றாள். சோறு வெந்ததும் விறகை அவித்துக் கரியை விற்றுக் காய், நெய், தயிர், புளி பெறுகின்றாள். கஞ்சி முதல் மோர் வரை முறையாகப் பரிமாறி, மணமூட்டிய நீரும் தருகின்றாள். சத்திகுமாரன் அவளை மணந்து செல்கின்றான்.

இவ்விரு கதைகளையும் எழுதியவர் ஒருவரே. வண்டுச் சிமிழின் நுட்பமும் உமியின் நுட்பமும் ஒரே அறிவின் இரு பயன்கள். முன்னது பிறர் பொருளை வெறுமையாக்கியது. பின்னது வெறுமையினின்று விருந்தை ஆக்கியது. பெற்றோரையும் வீட்டையும் இழந்த பெண்ணைத் தண்டியார் படைத்தபொழுது தம் இளமையை நினைந்தாரோ என்று நாம் எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

காலமும் ஒரு பெருங்கள்வனே. அவந்திசுந்தரியின் பெரும்பகுதியை அது கவர்ந்துவிட்டது. எஞ்சிய ஏடுகளைக் கொண்டு 1954இல் திருவனந்தபுரத்திலிருந்து மற்றொரு விரிவான பதிப்பு வெளிவந்தது. ஆனால் காவியாதரிசத்தை அக்கள்வனால் கவர இயலவில்லை. 9ஆம் நூற்றாண்டில் கன்னடர் அதனைத் தழுவிக் கவிராசமார்க்கம் கண்டனர். சிங்களவர் சியபஸ்லகரம் இயற்றினர். சோழநாட்டில் தண்டியலங்காரம் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டில் திபெத்திய மொழியினும் அது புகுந்தது. இத்தனை நாட்டார் எடுத்துக்கொண்டும் காஞ்சிப் புலவரின் உடைமை குறையவில்லை. மன்னர் கவர்ந்த பொன் எங்கே சென்றதென்று எவரும் அறியார். அப்படையெடுப்பில் அனைத்தும் இழந்த சிறுவனின் நூலையோ, நாம் இன்றும் நம் கல்லூரி நூல்நிலையத்தினின்று கையெழுத்திட்டு எடுத்துச் சென்று படிக்கின்றோம். அடுத்தமுறை காஞ்சிக்குச் செல்லும் மாணவர், கைலாசநாதர் கோயிலின் மணற்கற் சிற்பங்களின்முன் நிற்கும்பொழுது, அவை புதியனவாக இருந்த காலத்தில் அவ்வீதிகளில் நடந்த தண்டியாரையும் ஒருகணம் நினைவாராக.